நீலக் கட்டம் போட்ட சேட்டு

ஜீவராஜ் அண்ணனின் போட்டோகொப்பிக் கடை வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் முனையில் இருக்கிறது. வேலை விண்ணப்பங்களைப் பிரதி எடுக்கப் போய்ப் போய், கடைசியில் அங்கேயே மற்றவர்களின் படிவங்களைத் தட்டச்சு செய்யும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது உளவியல். அதை வைத்து என்ன செய்வதென்று கொட்டாஞ்சேனை வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

அண்ணனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. அடுக்கிய தாள்களை மறுபடி அடுக்குவார். வாசலுக்குப் போய்த் திரும்புவார். காக்கி உடுப்பில் யாராவது கொப்பி எடுக்க வந்தால், அவருடைய வலது கை சேட்டுப் பையைத் தொடும். அடையாள அட்டை அங்கேதான். தொட்டதைத் தானே கவனித்துவிட்டு, பேனைக்காகப் போன கைபோலப் பேனையை எடுப்பார்.

அவர்கள் மலையகத்தில் இருந்து எழுபத்தேழில் கிளிநொச்சிக்குப் போன குடும்பம். 2006இல் அம்மா இராமலெட்சுமி இரண்டு மகன்களுடன் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். மூத்தவர் புஷ்பராஜுக்கு மருதானையில் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம், ஒரு காலை வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அன்று அம்மா அவருக்கு முன்பே, தான் வேலை செய்யும் வீட்டுக்குப் போயிருந்தார். புஷ்பராஜ் வெளிக்கிட்டபோது அறையில் இருந்தது பதினாறு வயது ஜீவராஜ் மட்டும்.

அம்மா லொட்ஜை மாற்றினார். கிளிநொச்சியில் பிறந்தவன் என்றாலே புலி என்று பிடித்துப்போகும் காலம் அது. மிஞ்சிய பிள்ளையைக் காப்பாற்ற அவரிடம் இருந்தது நான்கு சிங்கள வாக்கியங்கள். பெயர் இது. பிறந்தது ஹட்டன். அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை. கூடப்பிறந்தவர்கள் இல்லை. தினமும் காலையில் மகன் பல் துலக்குமுன் சொல்ல வேண்டும். தடுமாறினால் முதலில் இருந்து. இரண்டு வருடம் சோதனைச் சாவடிகளில் ஜீவராஜ் தடுமாறவே இல்லை.

போன மாதம், காணாமல்போன புஷ்பராஜைத் தேடும் விசாரணைக்கு வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. படிவத்தை நிரப்ப நான் உட்கார்ந்தேன். ‘கடைசியாகக் கண்டபோது அணிந்திருந்த உடை’ என்ற இடத்தில் அவர் நின்றுவிட்டார். கடைக்குள் மூன்று முறை நடந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. உதவுவதாக நினைத்து, நீலக் கட்டம் போட்ட சேட்டா என்று கேட்டேன். அப்போது கொப்பி எடுக்க நின்ற ஒருவர் அப்படி ஒன்றைப் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

அவர் வாசலுக்குப் போய் நின்றார். இரண்டு நாள் கழித்து வந்து, நீலக் கட்டம்தான் என்றார். இடது கையில் ஒரு பட்டன் விழுந்து, அம்மா வேறு நிறத்தில் தைத்துக் கொடுத்தது என்றார்.  கேட்பவர் போட்டுக்கொடுத்தது இப்படித்தான் சொந்த ஞாபகமாகிவிடும் என்று இரண்டாம் வருடத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் தட்டச்சு செய்தேன். ஏன் செய்தேன்? அவர் முகத்தில் முதல்முறையாக ஓர் அமைதி இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். அது இரக்கமா, கோழைத்தனமா என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் அவருடைய அம்மா அந்தச் சேட்டைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு ஹப்ஸாவிடமும், கோயிலில் கண்டவர்களிடமும் சொன்னார். பட்டனைத் தைத்தது தனக்கும் ஞாபகம் இருக்கிறதாம். பிழையான சேட்டை வைத்து விசாரிப்பவர்கள் யாரைத் தேடுவார்கள்? வாக்குமூலத்துக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் சொல்லிவிட்டேன்.

“அண்ணா, அந்தச் சேட்டை முதல்ல சொன்னது நான்.”

“அப்ப நான் பொய் சொல்லுறன் என்கிறீரோ?”

“இல்ல. நீங்க பொய் சொல்லேல்ல. அதுதான் பிரச்சினை.”

அவர் மெஷினின் மூடியைத் திறந்து மூடினார்.  ஆனாலும் காலையில் அம்மாவோடு என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். கோப்பு என்னிடம் இருந்தது.

விசாரணை அலுவலக வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். உள்ளே மேசையில் இருந்த இளம் அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்க்க ஒரு பெண் பக்கத்தில் இருந்தார். பெயர், பிறந்த இடம். மூன்றாவதாக, சகோதரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன் அண்ணன் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டார்.

“நே, மாத்தயா.”

இல்லை, ஐயா. சுத்தமாக, தடுமாறாமல். அதற்கு முந்தின கேள்விக்கும் பிறந்த இடம் ஹட்டன் என்று அவர் சொல்லியிருந்ததை அப்போதுதான் நான் உணர்ந்தேன். அதிகாரி கோப்பைப் பார்த்தார். அம்மா தன் மடியில் இருந்த புஷ்பராஜின் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

ஜீவராஜ் அண்ணன் எழுந்தார், மறுபடி இருந்தார். பிறகு தமிழில் மெதுவாகக் கதைத்தார். பிறந்தது கிளிநொச்சி, அண்ணன் ஒருவர் இருந்தார், இருக்கிறார் என்றார். உடை பற்றி எழுதியதை வெட்டச் சொன்னார்.

“முதல் நாள் ராத்திரி அவனோட சண்டை. காலையில அவன் வெளிக்கிடேக்க நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தனான். நித்திரை மாதிரி. வாறன்டா எண்டு சொன்னவன். நான் திரும்பிப் பாக்கேல்ல. செருப்புச் சத்தம்தான் தெரியும்.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அதிகாரி உடை என்ற இடத்தில், தெரியாது என்று எழுதினார். இத்தனை வருடமும் அண்ணன் தேடியது மறந்துபோன ஒன்றை அல்ல. பார்க்காத ஒன்றை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவும் மகனும் ஒரே சீட்டில், நான் பின்னால். கொள்ளுப்பிட்டி வந்தது. பிறகு அம்மா, சாவடிக்குப் பழக்கிய அதே பழைய குரலில், சிங்களத்தில், சகோதரர்கள் இருக்கிறார்களா என்று மகனைக் கேட்டார்.

“என்னம்மா, இப்ப போய்?”

“சொல்லுடா.”

“அய்யா கெனெக் இன்னவா.” ஓர் அண்ணன் இருக்கிறான்.

“திரும்ப.”

பம்பலப்பிட்டி தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொல்லவைப்பது இப்போது உண்மை. ஆனால் வழி அதே வழி. இதைப் பிழை என்று எந்தப் பாடப்புத்தகத்தை வைத்துச் சொல்வேன்? ஐந்தாவது முறை அண்ணன் தடுமாறினார், “நே” என்று தொடங்கி நிறுத்தினார். அம்மா அவருடைய சேட்டுப் பைமேல் கையை வைத்து அழுத்தி, முதலில் இருந்து சொல்லச் சொன்னார். இறங்கவேண்டிய வெள்ளவத்தை ஹோல்ட்டைத் தாண்டி பஸ் தெஹிவளைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மணியை அடிக்கவில்லை.