முன்வரிசைக்குப் பேசியவன்

மைக்கைக் கண்டால் எனக்குத் தலைகால் புரியாது. புதுச்சத்திரம் பக்கம் பள்ளி ஆண்டுவிழா, காதணி விழா, பணி ஓய்வுப் பாராட்டு என எது நடந்தாலும் வாத்தியாரைக் கூப்பிடு என்பார்கள். நான் நன்றாகப் பேசுவதால் அல்ல, காசு வாங்காததால் என்பது என் மனைவியின் கருத்து. அது பொறாமை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.

போன வருடம் நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. தொடக்க உரை என்னுடையது. அங்கே எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மனைவியின் தம்பி இருபது வருடமாக லாரி ஓட்டுகிறான். சில மாதங்களாக அவனுக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஓமலூர் தாண்டி ரோட்டோரம் நின்றிருந்த டேங்கரைக் கிட்டே போன பிறகுதான் பார்த்து, பிரேக்கை மிதித்துத் தப்பியிருக்கிறான். ஓனருக்குத் தெரிந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார் என்ற பயத்தில் டாக்டரிடம் போகவே இல்லை. நான்தான் இரண்டு மாதம் நச்சரித்து, யார் காதுக்கும் போகாது மாப்ள என்று வாக்குக் கொடுத்து, முகாமுக்கு வரச் சம்மதிக்க வைத்தேன்.

உரையை ஒரு வாரம் தயார் செய்தேன். பெரும்பாலும் குளியலறையில். அங்கே என் குரலுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். எந்த இடத்தில் கைதட்டு வரும், அப்போது எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது வரை கணக்குப் போட்டிருந்தேன். மனைவி கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"முன்னால யாருங்க உக்காந்திருப்பாங்க?"

கூட்டம்தான் என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

முகாமன்று முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். அவற்றில் லாரி உரிமையாளர்கள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் டிரைவர்கள். பாதிப் பேர் தகரச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். மேடை வழக்கப்படி முன்வரிசையில் ஒருவர் பெயரையும் விடாமல் 'அவர்களே' போட்டேன். அதிலேயே பத்து நிமிடம் போயிற்று. டிரைவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து, மூச்சு முடிகிற நேரத்தில், 'மற்றும் நண்பர்களே' என்றேன்.

முன்வரிசை தலையாட்ட ஆட்ட எனக்கு ஏறிக்கொண்டது. எழுதிவைத்ததில் இல்லாத வரிகளெல்லாம் வர ஆரம்பித்தன. "உரிமையாளர்களே, கண் மங்கியவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். இன்றைய பரிசோதனையில் தேறாதவரை நாளைக்கே இறக்கிவிடுங்கள்" என்று முழங்கினேன். முன்வரிசை கைதட்டியது. ஒரு உரிமையாளர் மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார். பின்னால் யாரும் தட்டவில்லை. உணர்ச்சிவசப்பட்டு உறைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

கீழே இறங்கிப் பார்த்தால் பரிசோதனை மேசையில் ஆளில்லை. டாக்டரம்மா எழுத்துப் பலகைக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். ஒருவர் டீ குடிக்கப் போனாராம், ஒருவருக்கு டயர் பார்க்க வேண்டுமாம். அரை மணி நேரத்தில் மொத்தப் பட்டறையையும் காலி செய்திருந்தேன்.

மச்சானைத் தேடி ஓடினேன். வெளியே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். அஞ்சு நிமிடம்தான், பார்த்துவிட்டுப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"லோடு நிக்குதுங்க மாமா" என்றான். குரலில் கோபமே இல்லை, அதுதான் சுட்டது. "எங்க ஓனரு உங்களுக்கு நேரா உக்காந்திருந்தாருங்க. அவருகிட்டத்தான பேசுனீங்க?"

சேலத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார், நாளைக்கே நான் லீவு போடுகிறேன் என்றேன். பார்க்கலாமுங்க என்று சொல்லி வண்டியை எடுத்தான். அவன் 'பார்க்கலாம்' என்றால் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

வண்டி வெளியே போய் வளைந்து திரும்பி, ரோட்டின் எதிர்ப்பக்கமாக வந்தது. தோளில் பொன்னாடையோடு ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவன் முகம் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லாத இடத்தைக் கடப்பதுபோல் போய்விட்டான். அது கோபமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.