ஏத்தியாச்சா அக்கா

எங்கள் அலுவலகத்தில் மாலையில் யார் பையைத் தூக்கினாலும் "ஏத்தியாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். அன்றைக்கு எழுதிய புரோகிராமை உன் கணினியோடு விட்டுவிடாமல், பொது சர்வரில் ஏற்றிவிட்டாயா என்று அர்த்தம். கேட்பவருக்கு ஏத்தியாச்சா அக்கா என்றே பெயர் வைத்துவிட்டோம். வீட்டிலும் இதே பாட்டுதானாம். மகளிடம் வீட்டுப்பாடத்தைப் பைக்குள் ஏற்றியாச்சா என்று கேட்டுக் கேட்டு, இப்போது அவள் அம்மாவின் சாப்பாட்டு டப்பாவை நீட்டி அதையே திருப்பிக் கேட்கிறாளாம்.

மகளுக்காகப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவர் எழுதியதைப் பார்த்துவிட்டு மேலிடம் முடிவு சொல்வதாக இருந்தது.

இப்பேர்ப்பட்டவருக்கா அப்படி நடக்க வேண்டும்!

எங்கள் டீம் லீடருக்குச் சுத்தப் பைத்தியம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று சர்வர் வைத்திருக்கும் வரலாறு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம். அன்று காலை தன்னிடம் இருந்த புரோகிராமின் பழைய பிரதியைச் சீவிச் சிங்காரித்து ஏற்றப் போனார். உங்களிடம் இல்லாத வேலை இங்கே இருக்கிறது என்று சர்வர் தடுத்தது. சொன்னால் கேட்கிற ஆளா? சர்வரில் இருப்பதை அழித்துவிட்டு நம்முடையதை உட்கார வைக்கும் 'ஃபோர்ஸ்' கட்டளையைப் போட்டு ஏற்றினார். அக்கா எழுதிய பகுதி முழுவதும் போன இடம் தெரியவில்லை. அக்காவின் பழைய கணினியையும் முந்தின நாள்தான் வாங்கி, அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, புதிது கொடுத்திருந்தார்கள்.

"நீங்க ஒழுங்கா ஏத்தலையோ என்னவோ" என்று லீடர் அக்காவிடம் சொன்னாரே பார்க்கலாம்! யாரைப் பார்த்து எந்தக் கேள்வி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெஷினைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஏத்திட்டேன் சார். இவங்ககூட இறக்கி டெஸ்ட் பண்ணாங்களே" என்று அக்கா என்னைக் காட்டினார்.

"அதெல்லாம் பழைய கதை. அந்த ஃபோல்டரை அழிச்சிட்டுப் புதுசா இறக்குங்க. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார் லீடர் என்னிடம்.

சொன்னதைச் செய்தே பழகிய என் கை, கீபோர்டுக்குப் போய்விட்டது. அக்கா ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதம்மா! இப்ப அது உன்கிட்ட மட்டும்தான் இருக்கு."

இருந்தது. முதலில் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்தார். பிறகு சர்வரில் தனிப் பெயரில் ஏற்றினார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

லீடர் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா, நம்ம சிஸ்டத்துல எதுவுமே தொலையாது. இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" மன்னிப்பு? மூச்!

மதியம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அக்காவை நிரந்தரமாக்கினார்கள். சர்வர் பொறுப்பும் அவரிடமே வந்தது. யாரும் ஃபோர்ஸ் போட முடியாதபடி பூட்டுப் போட்டதுதான் அவர் செய்த முதல் வேலை.

அடுத்த வாரம் லீடர் திரையைப் பார்த்துக் கத்தினார். "என்னங்க இது, என்னையே விடமாட்டேங்குது?"

"என்னையும் விடாது சார். சர்வர்ல இருக்கறதை முதல்ல இறக்குங்க, உங்களோடதை அதோட சேருங்க, அப்புறம் ஏத்துங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாயங்காலம் வரை சேர்த்தார். அவர் பையைத் தூக்கியபோது அக்கா நாகரிகமாக வாயை மூடிக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை.

"ஏத்தியாச்சா சார்?" என்றேன்.