மூன்றாவது சுங்கான்

போடி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த மீசைக்காரர், மஞ்சப்பையிலிருந்து மூன்று மரச் சுங்கான்களை எடுத்தார். துரைமார் புகைப்பதைப் பார்த்து அவரே குடைந்தவை. ஒவ்வொன்றையும் காதோரம் தட்டிப் பார்த்துத்தான் புகையிலை அடைத்தார்.

"எந்த மரம் தேவலைனு சொல்லுங்க மாப்ள."

எச்சில் படாமல் முஷ்டிக்குள் பிடித்து இழுத்தேன். வேம்பு கசந்தது. புளி சீக்கிரம் சுட்டது. மூன்றாவது இளநீர் மாதிரி இறங்கியது.

"இது என்ன மரம்ணே?"

"அரளி."

எங்கள் பக்கத்தில் சாக நினைப்பவர்கள் அரைத்துக் குடிப்பது அரளியைத்தான். என் நாக்கு தடித்தது. நெஞ்சு ரயிலை முந்தி ஓடியது. என் பெண்டாட்டி ஒப்பாரி வைப்பதை நினைத்து அவளுக்கு முன்னால் நானே அழுதேன்.

"செத்துருவேனாண்ணே?"

"பதறாதீங்க, பாப்போம்." அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க இதுல எம்புட்டு நாளா குடிக்கிறீக?"

"நான் இன்னும் குடிச்சதில்ல."

உசிலம்பட்டியில் இறங்கியவர், வெளியே நின்று சன்னல் கம்பியைப் பிடித்தபடி நான் உயிரோடிருப்பதை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு மூன்றாவது சுங்கானை நிம்மதியாகப் பற்றவைத்தார்.

அவர் கெட்டிக்காரரா, கொலைகாரரா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. புகை மட்டும் அருமையாகத்தான் இருந்தது.