மூக்கால் மூளை எடுக்காத சரித்திரம் வேணும்

பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டப் பழங்காலச் சரித்திரப் புத்தகம் தேடுவது மீன் வாங்குகிற மாதிரியான தொழில். மேல்மினுக்கத்தை நம்பாமல் செவுளைத் தூக்கிப் பார்க்கவேண்டும். பார்க்காமல் வாங்கினால் என்ன பாடு என்று, என்னைப்போல் வீட்டிலே பிள்ளை படிப்பிக்கிற சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மற்றவர்களுக்காக எங்கள் கதை. நாங்கள் டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ என்ற நகரத்தில் இருக்கிறோம். மனைவி வதனி ஆஸ்பத்திரியில் தாதி. நான் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டிக்கொண்டிருந்தவன். மகள் அபிஷாவுக்கு ஒன்பது வயது. வகுப்பில் வேறொரு பிள்ளைக்கு ஏச்சு விழுந்தால் இவள் அழுவாள். வேறொருத்தி விழுந்து முழங்காலை உரசினால் இவள் நொண்டுவாள். கடைசியில் காலையில் சப்பாத்துப் போடவே மாட்டேன் என்று வாசலில் இருந்துவிட்டாள். இந்த நாட்டில் படிப்புத்தான் கட்டாயம், பள்ளிக்கூடம் கட்டாயமில்லை. இரண்டு பேரில் ஒருவர் வேலையை விடவேண்டும் என்று வந்தபோது, நோயாளிகளுக்கு வதனி தேவை, பன்றிகளுக்கு நான் தேவையில்லை என்று தீர்மானமானது.

கணக்கு, டெனிஷ், ஆங்கிலம் எல்லாம் ஒழுங்காக ஓடின. சரித்திரம்தான் எங்களை உருட்டியது. அதை விட்டுவிட்டு ஓடவும் வழியில்லை. வருசத்துக்கு ஒருக்கால் கொம்யூனிலிருந்து, அதாவது எங்கள் நகரசபையிலிருந்து, ஒருவர் வந்து பிள்ளையைச் சோதிப்பார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் அபிஷா திரும்பவும் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

தானாகத் திறக்கிற பக்கம்

முதல் புத்தகம் எகிப்து. நூலகத்தின் சிறுவர் பகுதியில் வேலை செய்கிற பெண்மணி சந்தோசமாக எடுத்துத் தந்தார். அட்டையில் ஓர் ஒட்டகம் சிரித்துக்கொண்டு நின்றது. ஒட்டகத்தை நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நைல் நதி பெருகியது, வயல் விளைந்தது, எல்லாம் வடிவாகப் போனது. பக்கத்தைப் புரட்டினால், செத்துப்போன அரசனின் மூக்குக்குள்ளே கொக்கியை விட்டு மூளையைக் கிண்டி எடுக்கிற படம். எடுக்கிறவன் வாசகரைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். சத்தமாக வாசிக்கிறவனுடைய கரைச்சல் இதுதான்: கண் ஆபத்தைக் காணும்போது வாய் பாதி வசனத்தைச் சொல்லி முடித்திருக்கும்.

அபிஷா இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கிழமை முழுக்க மூக்கைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொண்டுதான் படுத்தாள். செத்தவருக்கு நோகாது என்று நான் சொன்னதற்கு, "அது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, இப்படி ஒரு படம் இருக்கிறதென்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அந்தப் பெண்மணிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். புத்தகத்தை மேசையில் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தார். அது இரண்டாகப் பிரிந்து விழுந்தது, கொக்கிப் படம். அவர் சொன்னார்: "பாருங்கள், அந்தப் பக்கத்தில் தானாகவே திறக்கிறது. மற்றப் பிள்ளைகள் வேறொரு பக்கமும் பார்ப்பதில்லை."

பெருவிரல்

இரண்டாவது, ரோமாபுரி. இந்த முறை முழுவதையும் நானே முதலில் வாசித்தேன். அரங்கத்தில் ஆட்கள் சண்டை பிடிக்கிற பகுதியைத் தாண்டிவிடலாம் என்று திட்டம். ஆனால் எழுதினவர் என்னைவிடக் கெட்டிக்காரர். வீதிகள், தண்ணீர்க் குழாய்கள் என்று போய்க்கொண்டிருக்கும் அத்தியாயத்தின் அடியில் கட்டம் போட்டு ஒரு விளையாட்டு வைத்திருந்தார். தோற்றவன் உயிரோடு இருக்கட்டுமா? மேலே காட்டினால் பிழைப்பான், கீழே காட்டினால் சாவான், இப்போது உன் பெருவிரலைக் காட்டு. ரோமர்கள் உண்மையில் விரலை எந்தப் பக்கம் காட்டினார்கள் என்பதே ஒருவருக்கும் சரியாகத் தெரியாதாம். தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு என் பிள்ளையை நீதவான் ஆக்கிவிட்டார் அந்த மனுசன். கட்டத்தை நான் மறைக்க முதல் அபிஷா வாசித்துவிட்டாள்.

அவள் பெருவிரலை மேலே தூக்கினாள். பிறகு இறக்கவில்லை. இறக்கினால் அந்த ஆள் செத்துப்போவான். நான் பகிடி விட்டேன், கெஞ்சினேன், கடைசியில் கொஞ்சம் ஏசியும் பார்த்தேன். வதனி வேலை முடிந்து வந்தபோது, பிள்ளை இடது கையால் சோற்றைக் கரண்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள். வலது கை மேசையில் நின்றது, விரல் மேலே பார்த்தபடி. வதனி அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "குஞ்சு, நான் கொஞ்சநேரம் பிடிக்கிறன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று தன் பெருவிரலைத் தூக்கினாள். அபிஷா கையை இறக்கினாள். தாய் விரலைத் தூக்கிப் பிடித்தபடி மற்றக் கையால் புத்தகத்தை இழுத்து அந்தக் கட்டத்தை வாசித்தாள். சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவள், இலகுவில் முகம் சுளிக்காதவள். வாசித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இதை எழுதினவரை ஒருநாள் என்ர வார்ட்டுக்கு வரச்சொல்லுங்கோ, ஆக்களுக்கு வெட்டுப்பட்டால் எப்பிடி இருக்குமெண்டு காட்டிவிடுறன்."

பசி

தனியாகத் தேடிக் களைத்து, வீட்டில் படிப்பிக்கிற பெற்றோரின் இணையக் குழுவொன்றில் கேட்டேன்: மெல்லிய மனசுள்ள பிள்ளைக்கு வாசிக்கக்கூடிய பழங்காலச் சரித்திரம் ஏதும் தெரியுமா? வந்து விழுந்த மறுமொழிகளைக் கேளுங்கள். ஒருவர், பிள்ளைக்குச் சீனி குறைக்கச் சொன்னார். ஒருவர், தன் பிள்ளை இந்த வயதில் மூலமொழியிலேயே வாசித்ததாகச் சொன்னார். ஒருவர், மெல்லிய மனசு என்று ஒன்று கிடையாது, மெல்லிய தகப்பன்மார்தான் உண்டு என்றார். அவருக்குப் பதினேழு பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒரு தாய் மாத்திரம் மிகவும் அன்பாக, எனக்கென்றே நேரம் எடுத்து எழுதியிருந்தார்: "எங்கள் மகனும் அப்படித்தான், பூஞ்சை மனசு. ஆனால் சிங்கம் ஆட்களைத் தின்கிற அத்தியாயம் வந்தால்தான் அவருக்குச் சாப்பாடே இறங்கும்."

எரித்த ஊர்

வதனியின் தமையன் புரொண்பி நகரத்திலிருந்து வந்திருந்தார். எங்களுக்கு என்ன வருத்தம் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "மச்சான், நீர் பண்டி வெட்டின ஆள். உம்மட வீட்டில இப்பிடி ஒரு பிள்ளையோ? வெள்ளைக்காரன்ர சரித்திரத்தை வாசிச்சால் பயம்தான் வரும். எங்கட சரித்திரத்தைச் சொல்லும், வீரம் வரும்." சொல்லிவிட்டு நிற்கவில்லை, தானே தொடங்கிவிட்டார். எங்கள் அரசர்கள் கப்பல் கட்டின கதை, கடல் தாண்டின கதை. மனுசன் நன்றாகவே சொல்வார். அபிஷா வாயைத் திறந்தபடி கேட்டாள். நானும் கேட்டேன். பிறகு கப்பல் கரைக்குப் போனது. எங்கள் படை இறங்கி எதிரியின் ஊரை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை கொளுத்தியது. மாமா எழும்பி நின்று இரண்டு கையாலும் நெருப்பைக் காட்டினார்.

இந்த மனுசன் ஊரை விட்டு வெளிக்கிட்டதே, அவர்களுடைய தெருவை ஒரு பின்னேரத்துக்குள் கொளுத்தினதற்குப் பிறகுதான். வதனி அப்போது கைக்குழந்தை. அவளைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினவர் அவர். அதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. ஆனால் ஆயிரம் வருசத்துக்கு முந்தி நாங்கள் கொளுத்தினோம் என்றால் எழும்பி நிற்பார்.

மாமாவோடு தமிழில்தான் கதைக்கவேண்டும் என்பது மாமா போட்ட சட்டம். ஆகவே அபிஷா சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டாள். "மாமா, அந்த ஊரில ஆர் இருந்தவை?" எதிரிகள் என்றார். "சின்னப் பிள்ளையளும் இருந்தவையோ?" இருந்திருப்பினம் என்றார். மெல்லக் கதிரையில் இருந்தார். அவள் கடைசியாகக் கேட்டாள்: "பேந்து அந்த ஆக்கள் டென்மார்க்குக்கு வந்தவையோ?"

நல்ல பிள்ளை

இதற்குள் எங்கள் துன்பத்தைக் கேள்விப்பட்ட அயல்வீட்டு டெனிஷ் தாய் ஒருவர் ஒரு சுத்தமான புத்தகம் கொண்டுவந்தார். கவலைப்படத் தேவையில்லை, எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டார்கள் என்றார். சொன்னது பொய்யில்லை. அதில் பழங்காலத்தில் ஒருவரும் சாகவில்லை. போர்கள் எல்லாம் கருத்து வேறுபாடு. அடிமை என்ற சொல்லே இல்லை; பெரிய வீடுகளில் "உதவியாளர்கள்" இருந்தார்கள். மூளை, கொக்கி, நெருப்பு ஒன்றும் இல்லை. எனக்கு நித்திரை வந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

அபிஷாவுக்கு நிம்மதி வரவில்லை. படத்தில் ஓர் உதவியாளர் சிறுமி தண்ணீர்க் குடம் சுமந்தாள். அவள் ஏன் தன் வீட்டுக்குப் போவதில்லை என்று அபிஷா கேட்டாள். புத்தகத்தில் போடவில்லை என்றேன். அவளுடைய அம்மா எங்கே என்று கேட்டாள். அதுவும் போடவில்லை. மூக்கைப் பொத்தவைத்த புத்தகமாவது ஒரு கிழமையில் ஆறியது. இந்தப் புத்தகத்துச் சிறுமியை அவள் இரண்டு கிழமை தேடினாள். கடைசியில் உண்மையைச் சொன்னேன், சொல்லக்கூடிய அளவுக்கு. அழுதாள். அழுது முடித்துவிட்டு வடிவாக நித்திரை கொண்டாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது இதை அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் இரக்கத்தோடு என் கையைத் தட்டினார்: "எங்கள் மகள் இதை மூன்று தரம் வாசித்தாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை."

கயிறு

எங்கள் பக்கத்துச் சதுப்பு நிலமொன்றில் இரண்டாயிரம் வருசத்துக்கு மேலாகக் கிடந்து, தோலும் முகமும் கெடாமல் வெளியே வந்த ஒரு மனிதனை நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் கயிறு. பலி கொடுத்திருக்கிறார்கள். அந்த அறைக்குப் போவதாக எனக்கு எண்ணமே இல்லை. தறியும் பானையும் பார்க்கத்தான் வந்தோம். நான் குளிர்ச்சட்டையை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளையைக் காணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டிருக்கிறாள். இனி ஒரு மாதத்துக்கு நித்திரை இல்லை என்று நினைத்தேன்.

அவள் பயப்படவில்லை. அந்த மனிதனின் நெற்றிச் சுருக்கத்தையும் தாடி மயிரையும் பார்த்துக்கொண்டு, அவருக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். பன்றிகளோடு வேலை செய்த காலத்தில் நான் ஒருநாளும் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்தால் அடுத்த நாள் வேலைக்குப் போக ஏலாது. இவள் முகத்தை மட்டும்தான் பார்க்கிறாள். பெட்டிக்குள் இருந்த ஆள் கண்ணடிக்கவில்லை, அவரைப் பற்றி எழுதியிருந்த பலகையும் பகிடி விடவில்லை. என் பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பக்கமாக வந்த காவல் பெண்ணிடம் அபிஷா கேட்டாள், இந்தக் கயிற்றை ஏன் இன்னும் ஒருவரும் கழற்றிவிடவில்லை என்று. கழற்றினால் அவருக்கு என்ன நடந்தது என்று சனம் மறந்துவிடும் என்று அந்தப் பெண் சொன்னார். அபிஷா யோசித்துத் தலையாட்டினாள். வெளிக்கிடும்போது அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இங்கே வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது, சாகிறதுக்கு முதல் இவர் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்றுதான்."

அரசர்களும் இருக்கட்டும்

அதற்குப் பிறகு சிறுவர் சரித்திரத்தை நான் கையால் தொடவில்லை. பெரியவர்களுக்கு எழுதின தடித்த புத்தகங்களை எடுத்து, நானே வாசித்து, என் வாயால் சொல்லத் தொடங்கினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பெரியவர்களின் புத்தகத்தில் பிள்ளைகளின் புத்தகத்தில் இருக்கிற இரத்தத்தில் பாதியும் இல்லை. அபிஷா கை காட்டினால் நிறுத்துவேன். அவள் ஓம் என்றால் தொடருவேன்.

கொம்யூன் பரிசோதகர் வந்தார். இளைப்பாறிய ஆசிரியர், சாந்தமான மனுசன். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேசைக்கு வந்து, ரோமாபுரியை ஆண்டவர்களில் இரண்டு பேரைச் சொல்லு என்றார். அபிஷா கூரையைப் பார்த்தாள். எகிப்தில் ஒருவர்? கூரை. ஏதாவது ஒரு போர், யார் வென்றது? அவள் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலும் போடாத சப்பாத்தும் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின. கோப்பி ஊற்றுகிற சாட்டில் எழும்பினேன்.

"அப்போ உனக்கு என்ன தெரியும்?" என்று அவர் கேட்டார். குத்தலாக இல்லை, அறிய விரும்பித்தான் கேட்டார். அவள் தொடங்கினாள். மண்கல் அறுத்து வெயிலில் காயப்போட்டிருந்த ஒருவர். ஈரக் கல்லுக்கு மேலால் நடந்துபோன ஒரு நாய். அந்தக் காலடியோடேயே கல்லைச் சுவரில் வைத்துக் கட்டினது. பால் குடிக்கிற குழந்தைக்கு மிருகத்தின் வடிவில் செய்த மண் கிண்ணம். குடம் சுமந்த சிறுமியை அவளுடைய தாயிடமிருந்து பிரித்து விற்றது. கயிற்றோடு கிடக்கிற மனிதன், ஏன் கழற்றக்கூடாது என்பது உட்பட. சொல்லும்போது ஓரிடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை, மூக்கைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். கோப்பி ஆறிப்போனது. அவர் குடிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

அடுத்த வருசமும் வீட்டிலேயே படிக்கலாம் என்றார். வதனிக்கு உடனே செய்தி அனுப்பினேன். வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த முறைக்கு அரசர்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் பாவம்தானே."

இவ்வளவு வாசித்ததில் நான் கண்டது, பழைய காலத்துக் கொடுமையை ஒரு பிள்ளை எப்படியோ தாங்கிக்கொள்ளும், அதைக் குதூகலமாக எழுதி விற்கிற பெரியவர்களைத்தான் வயதுக்கேற்றவாறு கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகப்படுத்தவேண்டும்.