கொழுந்து பறிக்கிற ஆளு மாதிரி இல்லியாம்

எல்லாரும் சொகமா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா? இங்க கலஹாவுல இன்னைக்குத்தான் மழை விட்டுச்சு. அது கெடக்கட்டும்.

எங்க தேயிலைத் தோட்டத்துல சினிமா எடுக்க வந்தாங்க. கொழுந்து பறிக்கிற பொம்பள ஒருத்தி வேணுமாம். என் சம்சாரம் செல்வி, இருவது வருசமா கொழுந்து பறிக்கிறவ, கல்யாணச் சீலையக் கட்டிக்கிட்டு மொத ஆளாப் போயி நின்னா.

டைரக்டர் தம்பி மேலயும் கீழயும் பாத்துட்டு, "அக்கா, நீங்க குண்டு. கொழுந்து பறிக்கிற ஆளு மாதிரியே இல்ல"ன்னுச்சு.

செல்விக்கு மொகம் சுருங்கிப்போச்சு.

கொழும்புப் பொண்ணு ஒண்ண நிறுத்துனாங்க, ஈர்க்குச்சி மாதிரி. மெலியணும்னு ரெண்டு நாளாச் சாப்பிடலியாம், பாவம். கூடைக் கயித்தத் தலையில மாட்டுனதும் மல்லாந்து விழுந்துருச்சு. வெறுங்கூடைங்க!

கடைசியில செல்வியத் தேயிலைச் செடிக்குப் பின்னால மறைவாக் குந்தவச்சு, அந்தப் பொண்ணோட கூடையத் தாங்கிப் புடிக்கச் சொன்னாங்க.

"ஒடம்பக் கொறைச்சா ஒங்களையும் காட்டலாம்க்கா"ன்னுச்சு அந்தத் தம்பி.

"நானும் கொறைச்சா, கூடையையும் இந்தப் புள்ளையையும் யாருப்பா தூக்குறது?"ன்னா செல்வி. கேட்டுட்டு அந்தப் புள்ளைய வீட்டுக்கே கூட்டியாந்துட்டா.

நீங்களே சொல்லுங்க, இவ கொழுந்து பறிக்கிற ஆளு மாதிரி இல்லாட்டி வேற எந்த ஆளு... இருங்க, கூப்பிடுறா. அந்தப் புள்ளைக்கு அஞ்சாவது ரொட்டியும் முடிஞ்சுதாம், மாவு பெசைய நான் போறேன்.