கட்டுகஸ்தோட்டையில் ஒரு கீல் வைத்தியம்

பைபர் வேலை என்பது பகலெல்லாம் ஒட்டி, இரவெல்லாம் சொறிகிற வேலை. தண்ணீர்த் தாங்கி, வேன் பம்பர், குளியல் தொட்டி என்று கண்ணாடி நாரோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, நான் பட்டது உங்களுக்குத்தான் விளங்கும்.

வாசலில் ஆறு பேர்

அன்று கண்டி மலைப்பக்கம், கட்டுகஸ்தோட்டையில் என் பட்டறை வாசலில் இருந்தவர்கள்: நான், கூட வேலை செய்யும் மைத்துனர் சந்திரன், லொறிச் சாரதி, அவருடைய உதவியாள், ஹோட்டல் முதலாளி தங்கவேல், பக்கத்துத் தேநீர்க்கடை நானா. மொத்தம் ஆறு பேர். லொறியில் ஒரு பாய்மரப் படகு. திருகோணமலைப் பக்கம் பாறையில் மோதி மூழ்கியதைத் தூக்கியெடுத்து விற்றிருக்கிறார்கள். பாயும் இல்லை, மரமும் இல்லை. அடியில் மட்டும், சுறாவின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாக வைத்ததுபோல் ஒரு கனத்த துண்டு தொங்கியது. அதுதான் கீல். அது உடம்போடு சேரும் இடத்தில் வெடித்திருந்தது.

நீர்த்தேக்கக் கரையில் முதலாளிக்கு ஹோட்டல் இருக்கிறது. மகள் கல்யாணத்தன்று மணமக்கள் அக்கரையிலிருந்து இந்தப் படகில் வந்து இறங்க வேண்டுமாம். பாய் இல்லாததால், ஒரு மோட்டார் படகு இதை இழுத்துவருமாம். எல்லாவற்றையும் கேட்ட நானா, கையிலிருந்த தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: “கடல்லயே நிக்கத் தெரியாததப் புடிச்சி மலைக்கு ஏத்தியிருக்கீங்களே மொதலாளி!”

தட்டினால் வளரும் நோய்

உங்களுக்குத் தெரியும், நல்ல பைபரைச் சிறு சுத்தியலால் தட்டினால் ‘டக்’ என்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் ‘தொப்’ என்று கேட்கும். நான் தட்டிக்கொண்டே போய், ‘தொப்’ கேட்ட இடத்தையெல்லாம் சோக்கால் வளைத்துக் கோடு போட்டேன். முதலாளி காட்டிய வெடிப்பு உள்ளங்கை அளவு. என் கோடு முடிந்தபோது ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது.

முதலாளி கோட்டைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “பாஸ், நீங்க தட்டுறத நிப்பாட்டுங்க. அதுவும் வளர்றத நிப்பாட்டிரும்.”

வேர்வை

கீலின் அடியில் துளை போட்டு, உள்ளே நின்ற தண்ணீரை வடியவிட்டோம். வடிந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். கண்டியில் ஒரு பொருளைக் காயவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று மழைக்காலத்தில் துணி துவைத்தவர்களைக் கேளுங்கள். படகைச் சுற்றிப் படங்குக் கூடாரம் போட்டு, உள்ளே பல்பு எரித்தோம். ஈரம் போய்விட்டதா என்று பார்க்க, வெடித்த இடத்தின் மேல் பொலித்தீன் துண்டை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுவேன். காலையில் அதன் உட்புறம் வேர்த்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம். தினமும் வேர்த்தது.

முதலாளியும் தினமும் வந்தார். நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. இருந்தும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: “கீல்லதான் கனம் இருக்கு ஐயா. படகு சரிஞ்சா அதுதான் நிமித்தும். ஈரத்து மேல ஒட்டினா பிடிக்காது. நடுத் தண்ணியில கழண்டா படகு கவுந்துரும். உள்ள உங்க மகள் இருப்பாங்க.”

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பொலித்தீனைக் கிள்ளித் தூக்கி, சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். “இந்த வேர்வையத் தொடச்சிட்டாச் சரிதானே பாஸ்?”

மணப்பெண் வருகை

அடுத்த நாள் அவர் மகள் பிரியா தனியாக வந்தாள். கண்டி டவுனுக்குப் புடவை எடுக்கப் போகிறவள் வழியில் இறங்கியிருக்கிறாள். படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். எப்போது முடியும் என்று கேட்கப் போகிறாள் என நினைத்து நான் கிரைண்டரைத் துடைக்கத் தொடங்கினேன்.

அவளோ குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயமாம். மாப்பிள்ளைக்கும் அப்படித்தானாம். இரண்டு வீட்டிலும் பத்திரிகையில் படகின் படத்தையே அச்சடித்துவிட்டார்களாம், இனி வேண்டாம் என்று யார் சொல்வது? போகும்போது பாதிப் படியில் திரும்பி நின்று சொன்னாள்: “அங்கிள், நல்லா ஒட்டுங்க. ஆனா தயவுசெஞ்சி முடிச்சிறாதீங்க.”

வெட்டும் ஒட்டும்

பொலித்தீன் வேர்க்காத நாளும் வந்தது. பழுதைச் சுற்றியிருக்கும் நல்ல இடத்தையும் சரிவாகத் தேய்த்தெடுத்தால்தான் புது அடுக்கு பழையதைக் கவ்விப் பிடிக்கும். இது நமக்குத் தெரியும், காசு கொடுக்கிறவருக்குத் தெரியாது. நானும் சந்திரனும் வெள்ளைத் தூளில் மூழ்கி, இரண்டு பேய்களைப் போல நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். சோற்றுத் தட்டு இப்போது அண்டா மூடி அளவு ஆகியிருந்தது. அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். “பாஸ், நான் ஒட்டத்தானே தந்தேன்? நீங்க மிச்சத்தையும் கழட்டுறீங்களே!”

இரு வீட்டுத் தேங்காய்

வடியவிட்ட துளையை அடைத்து, அடுக்கடுக்காகப் பைபர் வைத்து, ரெசின் இறுகி, தேய்த்து, பெயின்ட்டும் அடித்தாயிற்று. தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ‘டக்’. எனக்குத் திருப்தி, பிரியாவை நினைத்தால் மட்டும் சங்கடம்.

கல்யாணத்துக்கு முதல்நாள், படகைக் கொண்டுபோகுமுன் பூசை போட இரு வீட்டாரும் ஒரு மூட்டை தேங்காயோடு வந்தார்கள். வாகனத்துக்குப் பூசை என்றால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கலாம். இதற்குச் சக்கரம் இல்லை. ஐயர் யோசித்தார். முதலாளி யோசிக்கவில்லை. “பாஸ் ஒட்டின எடத்திலயே தேங்கா ஒடைப்போம். உறுதியும் தெரிஞ்சிரும்” என்று ஓங்கி அடித்தார். எனக்கு நெஞ்சில் அடித்ததுபோல் இருந்தது. தேங்காய் உடைந்தது, கீல் அசையவில்லை. பெண் வீட்டார் உடைத்தால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா? சம்பந்தி ஒன்று அடித்தார். பிறகு மாமன் முறை, சித்தப்பா முறை என்று மாறிமாறி அடித்தார்கள். பக்கத்துக்கு ஏழு என்று கணக்கு நேரானதும்தான் ஓய்ந்தார்கள். பெயின்ட்டில் கீறல் விழுந்ததே தவிர, ஒட்டு அப்படியே நின்றது.

அப்போதுதான் சம்பந்தி குனிந்து பார்த்தார். கீலின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. “என்னங்க இது, ஒழுகுது! இதிலயா எம்மவன ஏத்தப் போறீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பிரியா முன்னால் வந்து, ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. “உப்புக் கரிக்குதுப்பா. கடல் தண்ணி இன்னும் உள்ளுக்க இருக்கு.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இத்தனை நாளில் முதல்முறையாக என் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. நானும் ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். நல்ல இனிப்பான தேங்காய்த் தண்ணீர். பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏத்த வேணாம் ஐயா. கார்லயே கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

முதலாளி தலையில் கை வைத்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாஸ்!”

என் கையால் ஒட்டியவற்றில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாத ஒரே படகு, ஒழுகல் படகு என்று பெயர் வாங்கி இன்றைக்கும் என் பட்டறையில் நிற்கிறது. அன்று வந்த மூட்டையில் உடையாமல் மிஞ்சியது ஏழு தேங்காய்.