தங்கராசா நம்பிய ஒரே பற்றரி

தங்கராசா காலமானார் என்று கைபேசியில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கே கண்ணீர் அஞ்சலி போடுகிற காலம் இது. ஆரையம்பதியில் அவர் வீட்டுக்கே அழைத்தேன். அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் சந்தேகம் விடவில்லை. அவரோடு பழகியவர்களுக்கு இது புரியும்.

எங்கள் வான்நோக்கு வட்டத்தில் அவரைப்போல் சந்தேகப்பிராணி வேறு இல்லை. தொலைநோக்கியைத் தாங்கி, கோள் நகர நகரத் தானும் திரும்பும் மோட்டார்த் தாங்கிக்கு ஒரு பற்றரி தேவைப்பட்டது. ஓட்டமாவடிக் கடையொன்றில் பளபளப்பான ஒன்றை எடுத்துக் காட்டினேன். விடியும்வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

"எழுதினது ஆரு, அளந்தது ஆரு?" என்றார் தங்கராசா. "சும்மா இரிக்கக்குள்ள எல்லாப் பற்றரியும் பன்னிரண்டு வோல்ற்தான் மாஸ்டர். வேலை குடுத்தாத்தான் வண்டவாளம் தெரியும்."

பையிலிருந்து மோட்டார் சைக்கிள் பல்பு ஒன்றை எடுத்துக் கடைக்குள்ளேயே பற்றரியில் கொளுவினார். கடைக்காரர் முறைத்தார். நாங்கள் தேநீர் குடித்து முடிக்குமுன் பல்பு மங்கிவிட்டது.

எவ்வளவு பெரிய பற்றரி வேண்டும் என்று நான் போட்ட கணக்கையும் அவர் விடவில்லை. "வாவிப் பனிய சேர்த்தீங்களா?" என்று கேட்டார். நான் சேர்க்கவில்லை. நாங்கள் கூடும் வாவிக்கரையில் தொலைநோக்கியின் வில்லையில் பனி படியாதிருக்கச் சுற்றும் சூட்டுப்பட்டி, மோட்டாரைவிட அதிகம் மின்சாரம் குடிக்கும். கடைசியில் தூக்கவே முடியாத ஒரு லித்தியம் பற்றரிக்குச் சம்மதித்தார். கரண்ட் போனால் வீட்டு ஃபேனுக்குப் பாவிக்கத்தான் இந்தப் பாடு என்று எனக்குள் ஒரு சந்தேகம்.

சனிக்கோள் பார்க்கும் அன்று மாலை இருட்டியதும் தன் அக்காவை ஆட்டோவில் கூட்டிவந்தார். அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள். முழுதாக இருளுமுன் சனியின் வளையத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவரது ஆசை. அந்தக் கண் கோளைத் தேடிப் பிடிக்க நெடுநேரம் எடுக்கும். இடையில் மோட்டார் நின்றால் சனி நழுவிவிடும்.

"காணல்ல தம்பி, காணல்ல" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கராசா பற்றரியில் கைவைத்தபடி நின்றார். பற்றரி நிற்கவில்லை.

"கண்டுட்டன்டா!"

செத்தவீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவர் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை.

"வளையத்தைப் பார்த்திட்டன் மாஸ்டர். தம்பிர முகத்தைத்தான் பார்க்க ஏலாமப் போயித்து. எப்பிடி இரிக்கி?"

"சிரிச்ச மாதிரி இரிக்கி அக்கா."

"சும்மா சொல்லாதீங்க."

மறுபடி பார்த்தேன். "வாய் ஒரு பக்கம் கோணித்தான் இரிக்கி. நாம சொல்றத நம்பாத மாதிரி."

"ஓம், அப்ப என்ட தம்பிதான்" என்று சொல்லி அழுதார்.

அந்த முகத்தைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன், அக்காவுக்கும் சேர்த்து.